கடைசி மூன்று பாட்டு தேறாது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று பட்டென்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகுதான் யோசிப்பேன். அந்த வாயால் போன வருஷம் ஒரு நல்ல மனிதருடைய பாட்டை வெட்ட வைத்துவிட்டேன். எப்படி வெட்ட வைத்தேன், அதை மறுபடி ஒட்ட வைக்க என்ன பாடுபட்டேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நடுவில் ராக் இசை நிறைய வரும். பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. வீடு பெரம்பலூரில். காலை ஏழு நாற்பது தனியார் பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அரியலூர். தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க ஆறு மாதம் ஆகும், பேச ஒரு வருஷம் ஆகும். எங்கள் மூவருக்கும் ஒரே நாளில் முடிந்தது. என் இயர்போன் போனிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பஸ் முழுக்கக் கிடார் அலறியது. நான் பதறி அணைப்பதற்குள் பின் சீட்டிலிருந்து ஒருவர், அது நேற்று வந்த ஆல்பம்தானே என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், அதில் ட்ரம்ஸ் சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு அந்த ட்ரம்ஸ் உயிர். சீட்டில் திரும்பி உட்கார்ந்து சண்டையைத் தொடங்கிவிட்டேன்.

முதலில் கேட்டவர் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை, அங்கே மாதா கோயில் பாடகர் குழுவில் இன்னமும் கிடார் வாசிக்கிறவர். மனைவிக்குப் பெரம்பலூரில் டீச்சர் வேலை என்பதால் இங்கே குடியிருந்துகொண்டு, அரியலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போய் வருகிறார். நாங்கள் அவரை சார் என்போம். ட்ரம்ஸைக் குறை சொன்னவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் இருந்தார். அங்கே அறைத் தோழன் பிலிப்பைன்ஸ்காரன் ஒரு பேண்டில் ட்ரம்ஸ் அடிப்பவனாம். ராத்திரியெல்லாம் தலையணையைத் தட்டித் தட்டி இவருக்கும் தொற்ற வைத்துவிட்டான். ஊர் திரும்பி அரியலூரில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் எங்களுக்கு பாய்.

மூன்று பேரும் ஒரே போனில் கேட்பதற்கான பின் பாயின் கடையிலிருந்துதான் வந்தது. ஒரு முனையைப் போனில் செருகினால் மறுமுனையில் மூன்று இயர்போன் மாட்டலாம். நான் முன்னால் லேடீஸ் சீட்டில், அவர்கள் இருவரும் எனக்குப் பின்னால். சீட்டுக் கம்பிக்கு மேலாக என் இயர்போன் ஒயர் அவர்களிடமிருந்து வரும். கண்டக்டர் டிக்கெட் போட வரும்போதெல்லாம் அந்த ஒயரைத் தாலிக்கயிறு மாதிரி இரண்டு விரலால் பயபக்தியோடு தூக்கிவிட்டுக் கடந்து போவார். மூணு பேருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து குளுக்கோஸ் ஏறுதா என்று ஒருநாள் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் முறைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் உலகத்தில் எங்கெங்கோ புது ஆல்பங்கள் வெளியாகும். வாரத்துக்கு இரண்டு மூன்றை எடுத்துக்கொள்வோம். எங்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. கண்டக்டர் டிக்கெட் போட்டு முடித்ததும் ஆல்பம் தொடங்கும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாக, தாவாமல் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அந்த ஆல்பத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கேட்டுக்கொண்டிருக்கும்போதும் பேசக்கூடாது. அரியலூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் வாய் திறக்கலாம். முதல் தீர்ப்பு என்னுடையது. இந்தக் கடைசிச் சட்டத்தை நான்தான் போட்டேன்.

அந்தப் பதினைந்து நிமிஷ டீக்கடைச் சண்டைக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம். அறுபது வயது தாண்டிய பழைய குழு ஒன்று பல வருஷம் கழித்து மறுபடி ஆல்பம் போட்டபோது, சார் கண் கலங்கினார். முட்டிவலியோடு மாடி ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றேன் நான். அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கிடாரே இல்லாமல் ஒரு ராக் ஆல்பம் வந்தது. பாய் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பருப்பில்லாத சாம்பாருக்குப் பேர் ரசம் என்று சார் சொல்லிவிட்டார். டீ மாஸ்டர் எங்களைப் பார்த்ததுமே, இன்றைக்கு யார் யாரைத் தூக்கில் போடப் போகிறீர்கள் என்று கேட்பார். அவருக்கு எங்கள் பேச்சில் ஒரு பேரும் புரியாது. ஆனால் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றிலும் அடித்துக்கொண்ட நாங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக இருந்தோம். இப்போது வரும் ஆல்பங்களில் கடைசி மூன்று பாட்டு தேறுவதில்லை. முதலில் கவனித்தது பாய். பிறகு சார் தன் டைரியில் குறித்து வைத்திருந்த மார்க்கையெல்லாம் பார்த்துவிட்டு, ஆமாம், எந்த நாட்டுக் குழுவாக இருந்தாலும் கடைசியில் சரிகிறது என்றார். இப்போதெல்லாம் யாரும் கடைசி வரை கேட்பதில்லை, அதனால் நல்ல பாட்டையெல்லாம் முன்னாலேயே கொட்டிவிடுகிறார்கள் என்று அவர் காரணமும் கண்டுபிடித்தார். நான் அதோடு விடுவேனா? இணையத்தில் இசைப் பைத்தியங்கள் கூடும் இடத்தில், இன்றைய குழுக்களுக்குக் கடைசியில் மூச்சு வாங்குகிறது என்று நீளமாக ஒரு கட்டுரையே எழுதிப் போட்டேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வந்து ஆமாம் போட்டார்கள். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சார் தன்னுடைய ஆல்பத்தைக் கொண்டு வந்தார்.

அவர் வாசிப்பார் என்று தெரியும், ஆனால் ஆல்பம் போடுகிற அளவுக்கு என்று தெரியாது. பாடகர் குழு நண்பர்கள் இரண்டு பேர், பழைய மாணவன் ஒருவன், இவர். ஜெயங்கொண்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவருடைய அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, ஒன்றரை வருஷமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழில் ஒன்பது ராக் பாட்டு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் எங்கள் இரண்டு பேருடைய தீர்ப்பு வேண்டும் என்றார். முகத்தில் பரீட்சை எழுத வந்த பையனின் களை. சட்டப்படி வேறெதுவும் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கேட்டோம். உண்மையைச் சொன்னால் முதல் நான்கு பாட்டும் என்னை அசத்திவிட்டன. மூன்றாவது பாட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற சத்தத்தை எடுத்துத் தாளமாகப் போட்டிருந்தார்கள். பாய் என் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே வந்தார். ஐந்து, ஆறு, சுமார். ஏழும் எட்டும் மெலிந்துபோயின. ஒன்பதாவதில் ஒன்றுமே இல்லை. ஒரு கிடார் எங்கோ தூரத்தில் டொய்ங் டொய்ங் என்றது, சார் ஏதோ முனகினார், ஆறு நிமிஷம் இப்படியே போய் முடிந்தது.

டீ கிளாஸைக் கையில் வாங்கினேன். முதல் நான்கையும் மனதாரப் பாராட்டினேன். பிறகு என் வாய் தன் வேலையைக் காட்டியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒம்பதாவது பாட்டு வேண்டாம். அதுல ஒண்ணுமே நடக்கல. கடைசில மூச்சு வாங்குதுன்னு ஊர் உலகத்தையெல்லாம் திட்டிட்டு, நாமளே அதைச் செய்யலாமா?"

பாயும் தலையை ஆட்டி, எட்டோடு நிறுத்தினால் கச்சிதமாக இருக்கும் என்றார். சார் டீயை ஒரு வாய் குடித்தார். சரிங்க மேடம், எடுத்துடறேன் என்றார். நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் மணியைப் பார்த்தேன்.

ஒரு வாரம் போனது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு புது ஆல்பம், எங்கோ குளிர் நாட்டுக் குழுவுடையது. ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸின் பின் டயர் வெடித்தது. டிரைவர் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். ஜனங்கள் இறங்கி வேறு பஸ்ஸுக்குக் கை காட்டப் போனார்கள். தாவாமல் கேட்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே, நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ரோட்டோரத்தில் மக்காச்சோளக் காடு, காற்றுக்குத் தோகை உரசுகிற சத்தம், கீழே கண்டக்டர் ஜாக்கி தேடுகிற சத்தம், அவ்வளவுதான்.

ஏழாவது பாட்டு நன்றாக இருந்தது. எட்டாவது அதைவிட நன்றாக இருந்தது. கடைசிப் பாட்டில் ஒரு பிடில் உள்ளுக்குள் ஊர்ந்து வந்து, முடியும்போது என் கையில் மயிர்க்கால் எல்லாம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். இயர்போனைக் கழற்றி, பஸ்ஸின் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கையில் இருந்த பின்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இத மூணாப் பிரிச்சா சத்தம் கம்மியாத்தான் வரும். அரியலூர் கிட்டத்துல சுண்ணாம்புக்கல் லாரி எத்தன போவுது, நெனச்சிப் பாரு."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஆல்பத்தின் கடைசி மூன்று பாட்டையும் நாங்கள் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறோம். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசை கட்டுகிற இடம். ஜனங்கள் எழுந்து பையைத் தேடுகிற, கண்டக்டர் படியில் நின்று ஊர்ப் பேரைக் கத்துகிற நேரம். உலகத்தில் எந்தக் குழுவுக்கும் மூச்சு வாங்கவில்லை. எங்களுக்குக் காது கேட்கவில்லை. அதை வைத்துக் கட்டுரை வேறு எழுதியிருக்கிறேன்.

கட்டுரை போனால் போகட்டும். ஒன்பதாவது பாட்டு?

சாரிடம், அந்தப் பாட்டை இப்போதே போடுங்கள் என்றேன். இப்போது போனில் இல்லை என்றார் சார். எட்டுப் பாட்டை மட்டும் சனிக்கிழமையே இணையத்தில் ஏற்றி வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டாராம், இந்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். பரவாயில்லை மேடம், விடுங்க என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உங்களுக்கு அந்தப் பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எனக்கு நல்லா இருக்கறதாத்தான் தோணிச்சு. அவ பாடினதால அப்படித் தோணுதோன்னு நெனச்சிட்டேன்."

எவ என்று நான் கேட்டேன். அவர் மனைவி. அந்தப் பாட்டின் பின்பாதி முழுக்க அவர் மனைவி பாடியிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது, அதோடு குரல் இறங்கிவிட்டது. அதுவரை பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையதுதானாம். பிறகு கோயிலில் பாட்டு தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு நிற்பார். வகுப்பில் பாடம் நடத்தவே இடுப்பில் கட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் பாய் கடையில்தான் வாங்கிக் கொடுத்தார் சார். ஒரு வருஷம் கெஞ்சி இந்த ஒரு பாட்டைப் பாட வைத்திருக்கிறார். அந்த இறங்கிய குரலுக்கென்றே கட்டிய பாட்டு. லாரி சத்தத்தில் அதில் இரண்டாவதாக ஒரு குரல் இருந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. இன்னொரு தரம் பாட மாட்டார் என்றார் சார். அந்தப் பாட்டு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது என்று இவர் போய்ச் சொன்னதும், அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாராம்.

கேட்பதற்கு முன் பேசக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தோமே, அதனால்தான் சார் சொல்லவில்லை. சட்டத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும் போல இருந்தது. இப்போது மாற்ற முடியுமா என்று கேட்டேன். அனுப்பியதைத் திரும்ப எடுத்துவிட்டுப் புதிதாக அனுப்பலாம், வெளியீடு ஒரு வாரம் தள்ளிப் போகும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அவள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றார்.

அன்று சாயங்காலம் பெரம்பலூரில் இறங்கியதும் நேராக சார் வீட்டுக்குப் போனேன். அவரை உடன் வர வேண்டாம், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டேன். டீச்சர் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வாயின் புகழ் எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, என்னை உட்காரச் சொன்னார். குரல் தாழ்வாக, கொஞ்சம் கரகரத்து, மணலில் நடக்கிற மாதிரி இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் அவர் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. இந்தக் குரல வச்சிக்கிட்டு நான் பாடியிருக்கக் கூடாது. அவர்தான் கேக்கல."

அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஒரு வாரமாக இவர் இதை நினைத்துக்கொண்டு மைக்கை இடுப்பில் கட்டியிருக்கிறார், நோட்டுத் திருத்தியிருக்கிறார். நான் உங்கள் குரலைக் கேட்கவே இல்லை என்றேன். பஸ், பின், மூன்று இயர்போன், லாரி, டயர் வெடித்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். முதலில் அவருக்கு நம்பிக்கையில்லை. இரண்டு வருஷமாகவா என்று கேட்டார். ஆமாம், இரண்டு வருஷமாக என்றேன். கட்டுரை எழுதியதையும் சொன்னேன். அவர் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைப் போட்டார். போட்டுவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார், என் எதிரே நிற்க மாட்டாராம். முதலில் கிடார் தனியாக. பிறகு சார். மூன்று நிமிஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது. அழகான குரல் என்று சொன்னால் பொய். நின்று நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிற மாதிரி ஒரு குரல். நான் அழுதேன். ராக் இசை கேட்டு இருபது வருஷத்தில் தலையாட்டியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், அழுததில்லை. துணியும் கையுமாக வாசலில் வந்து நின்ற டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்மணி நேரம் மன்றாடினேன். அதற்குள் சாரும் வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டீச்சர் கடைசியில் அவரைப் பார்த்துச் சொன்னார்.

"சரி, போடுங்க. ஆனா கடைசில வேணாம், மொதல்ல வையுங்க. எல்லாரும் பஸ்ஸுலதான கேக்கப் போறாங்க."

ஒரு வாரம் தள்ளி, வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. அன்று டீச்சரும் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார வைத்து, என் இயர்போனில் ஒரு காதை அவருக்குக் கொடுத்தேன். டிக்கெட் போடும் வரை காத்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இன்ஜின் போடாமல் நிற்கும்போதே பாய் பாட்டை ஓட விட்டார். டீச்சர் மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் வர வேண்டிய நேரத்துக்குச் சரியாக டிரைவர் வந்து ஏறினார். மணி ஏழு நாற்பது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

தனியார் பஸ்ஸில் ஒரு நிமிஷம் பிந்தினாலும் பின்னால் வருகிற பஸ்காரன் மல்லுக்கு நிற்பான். அது தெரிந்தும் எழுந்து நின்று, இன்னும் மூன்று நிமிஷம் பஸ்ஸை எடுக்க வேண்டாம் என்றேன். யாராவது வர வேண்டுமா என்று கண்டக்டர் கேட்டார். இவங்க பாட்டு முடியணும் என்று டீச்சரைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தலை குனிந்து உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கிப் போய்ப் பின்னால் வந்து நின்ற பஸ்காரனோடு சண்டை போட ஆரம்பித்தார்.